ரிதம்: அடியா, தாளமா?

கோபிசெட்டிபாளையத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பத்து வயதுப் பெண் ஒருத்தி இசைக்குறிப்பு நோட்டைப் பார்த்து வாசித்தாள். ஒரு சுரம் பிசகவில்லை. ஆனாலும் பாட்டு பாட்டாக இல்லை. “ரிதம் சரியில்ல கண்ணு” என்றேன்.

“ரிதம்னா என்னங்க சார்?”

“தாளம்.”

“தாளந்தான் பொட்டியே போடுதுங்களே” என்று கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த தானியங்கித் தாளத்தைக் காட்டினாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பெட்டி தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அவளிடம் இல்லாதது வேறொன்று. அதற்கு நான் சொன்ன சொல் தவறு.

ரிதம் கிரேக்கச் சொல். ‘ருத்மோஸ்’ என்பது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஓடுதல், ஒழுகுதல்’ என்ற பொருளுள்ள வினையோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். நம் மேடைக் கச்சேரிகளில் தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளக் கருவியான ரிதம் பேட் வந்த பிறகு அது ஒரு வாத்தியத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. தமிழில் எழுதும்போது பலரும் கண்ணை மூடிக்கொண்டு ‘தாளம்’ என்று போட்டுவிடுகிறோம்.

தாளம் என்பது திரும்பத் திரும்ப வரும் அளவு. ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும், மொத்தம் 8. அதற்குள் பாடுகிறவர் எங்கே நீட்டுகிறார், எங்கே நறுக்குகிறார் என்பது தாளத்தில் இல்லை. தாளம் பாத்தி கட்டுகிறது; உள்ளே நிற்கும் பயிருக்கு வேறு பெயர் வேண்டும். லயம் என்பது ஒன்றிப்போதல், பிசகாமல் நிற்கும் அந்த உணர்வு. சந்தம் செய்யுளின் ஓசைக்குப் பொருந்தும். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் ஒரு பிள்ளையிடம் நான்கு நோட்டைக் காட்டி “இந்தச் சந்தத்தை வாசி” என்று சொன்னால் அதற்கு ஒன்றும் பிடிபடாது.

வேண்டிய சொல் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பூச்சாட்டு நடக்கும் எந்த ஊரிலும் கேட்கும். பறை அடிக்கிறவர்கள் அதை ‘அடி’ என்கிறார்கள். ஒத்தையடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொரு அமைப்புக்கும் தனிப் பெயர் உண்டு. தூரத்தில் இருந்து கேட்கிறவருக்கே அது சாமி காரியமா சாவு காரியமா என்று தெரிந்துவிடும். ரிதம் என்று நாம் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அடி என்றால் காலடி. செய்யுளின் வரியும் அடிதான். யாப்பில் எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. இந்த ஏணியின் கீழ்ப்படியில் இருப்பது மாத்திரை. வடமொழி ‘மாத்ரா’, அளவு என்று பொருள். மருந்துக்கடை மாத்திரையும் அந்த அளவுதான். தொல்காப்பியமே இந்தச் சொல்லை ஆள்கிறது: கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு ½. அந்த நொடியையும் நான்காகப் பகுக்கும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: ‘உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே’. நினைத்தால் கால், விரலை ஊன்றினால் அரை, முறுக்கினால் முக்கால், விட்டால் ஒன்று. மெதுவாக ஒரு முறை நொடித்துப் பாருங்கள்.

இதைக் கைத்தாளத்துக்குக் கொண்டுவந்த உரைகாரரில் ஒருவர் கொங்குக்காரர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நிரம்பை ஊரினர். கொங்கு மண்டல சதகம் அவரை நம் நாட்டவராகப் போற்றுகிறது. அவர் உரையில் தாளத்தின் பெயர் ‘பாணி’. அதன் உறுப்புகள் நான்கு: கொட்டு அரை மாத்திரை, அசை ஒன்று, தூக்கு இரண்டு, அளவு மூன்று. ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவமும் தருகிறார்: க, எ, உ, ஃ. அதாவது கால அளவை எழுதிப் படிக்கும் முறை நம்மிடமும் இருந்திருக்கிறது. உ.வே.சா. அந்த உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892-ல்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். அன்றைக்குப் பிறகு நான் கிராட்செட், குவேவர் என்று மேற்கத்திய நோட்டுகளின் கால அளவுப் பெயர்களில் தொடங்குவதை விட்டுவிட்டேன். முதலில் கூடத்துக்குள் ஒரே சீராக நடக்க வேண்டும். காலடி மாறக்கூடாது. அப்புறம் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு முறை ‘கொடுமுடி’ என்று சொல்ல வேண்டும். நான்கும் குறில், நான்கு மாத்திரை. மிருதங்கக்காரர் ‘தகதிமி’ என்பதும் இதையே. அது படிந்ததும், அதே காலடிக்குள் ‘பவானி’. ப ஒன்று, வா இரண்டு, னி ஒன்று. கூட்டினால் அதே நான்கு. கால் அப்படியே நடக்கிறது, தாளம் மாறவில்லை, அடி மட்டும் மாறிவிட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு மேல் விளக்க வேண்டியதே இல்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மாறி மாறிச் சொல்வார்கள்.

மூன்றுக்குப் பழனி, கோவை. பழனியில் மூன்றும் குறில். கோவையில் ‘கோ’ இரண்டு, கடைசி ‘வை’ குறுகி ஒன்று. ஐந்துக்கு மருதமலையும் அவிநாசியும். மெய்யெழுத்து வரும் ஊர்களை முதல் மாதம் தொடுவதில்லை. ‘பொள்ளாச்சி’ என்று தொடங்கினால் அந்த அரை மாத்திரையை ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நீளத்துக்கு இழுக்கும்.

வாய் பழகிய பிறகு ஊர்ப் பெயரை மனசுக்குள் வைத்துக்கொண்டு கையால் மட்டும் தட்ட வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுவார்கள். அவசரப்படக்கூடாது, இரண்டு வாரம் ஆனாலும் ஆகட்டும். பிறகு எழுத்து: குறிலுக்குச் சின்னக் கோடு, நெடிலுக்கு நீளக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேல் மேற்கத்திய நோட்டை எழுதிக் காட்டுவேன். காலடி ஒரு கிராட்செட் என்றால், பவானி என்பது செமிகுவேவர், குவேவர், செமிகுவேவர்; அதாவது அதில் கால் பங்கு, அரைப் பங்கு, கால் பங்கு. கீபோர்டைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

அந்தப் பெண் தடுக்கிக்கொண்டிருந்த இடம் பாட்டின் மூன்றாம் வரி. போன சனிக்கிழமை அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பென்சிலை எடுத்து மூன்று நோட்டுக்கும் அடியில் ப, வா, னி என்று எழுதினாள். பெட்டித் தாளத்தை அவளே நிறுத்தினாள். கால் தரையைத் தட்டத் தட்ட வாசித்தாள்.