நிர்வாணம்: திருநங்கையர் வழக்கில்

திருநங்கை ஒருவரின் கதையில் ‘எனக்கு நிர்வாணம் ஆச்சு’ என்று ஒரு வரி வந்தால், வெளியாள் அம்மணம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த வழியாக வந்த வாசகிக்கோ தன் உடம்பே ஞாபகத்துக்கு வரும். திருநங்கையர் பேச்சில் நிர்வாணம் என்பது ஆணுறுப்பையும் விதைகளையும் நீக்கும் அறுவை.

வடமொழியில் ‘நிர்’ நீங்குவதையும் ‘வா’ காற்று வீசுவதையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் அணைந்துபோன நிலை. பௌத்தம் அதை விடுதலைக்குப் பெயராக்கியது. தமிழில் அதற்கு வீடுபேறு என்ற நல்ல சொல் உண்டு. நம் அன்றாடப் பேச்சில் தங்கியது துணியில்லாமை மட்டும்தான். வட இந்தியத் திருநங்கையரான ஹிஜ்ராக்களின் மரபிலோ அறுவை ஆனவர் ‘நிர்வாண்’, ஆகாதவர் ‘அக்குவா’. மும்பைக்கும் டெல்லிக்கும் போய், ‘ஜமாத்’ எனப்படும் அவர்களின் குழுக்களில் சேர்ந்த தமிழ்த் திருநங்கையரிடமும் இதே வழக்குதான்.

முன்பெல்லாம் இதைச் செய்தவர் ‘தாயம்மா’. மயக்க மருந்து கிடையாது, கத்திதான். அப்புறம் 40 நாள் கண்ணாடி பார்க்கக் கூடாது, ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. வெந்நீர் வைத்துக் கொடுப்பதும் வலியில் முனகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் தாயாக இருந்து ஏற்ற குருவும் அவருடைய மற்ற மகள்களும்தான். 40ஆம் நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டி, ஹிஜ்ராக்கள் வணங்கும் மாதா தேவியின் படத்தின் முன் நிறுத்திக் கண்ணாடியைக் காட்டுவார்கள். கிட்டத்தட்ட ஒரு பூப்புச் சடங்கு. பிறந்த வீடு துரத்திவிட்ட பெண்ணுக்கு இன்னொரு வீடு உறுதியாவது இந்த நாட்களில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பால் மாற்று அறுவை சிகிச்சை’ பரவலாகப் புழங்குகிறது. எனக்குப் பிடித்தது ‘பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை’. அவள் முன்பே பெண், சிகிச்சை அதை உறுதிசெய்கிறது, அவ்வளவுதான். செய்திக்கும் மருத்துவக் குறிப்புக்கும் இது சரி. கதையில் வரும் ‘நிர்வாணத்தில்’ மட்டும் கை வைக்க வேண்டாம். இந்த நீளமான சொல்லுக்குள் குருவும் மஞ்சளும் வருவதில்லை. புரியாதவருக்கு ஓர் அடிக்குறிப்பு போதாதா?

சு. சமுத்திரம் 1994இல் திருநங்கையர் பற்றி ‘வாடாமல்லி’ நாவல் எழுதியபோது வெளியிலிருந்துதான் பார்த்தார். பிறகு ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா போன்றவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள். ஆனால் ஒன்று, ஜமாத்தில் நிர்வாணம் ஆனவருக்கு மதிப்பு கூடுதல். அதனால் அக்குவாவாக இருக்கும் வாசகியை இதே பக்கங்கள் உறுத்தவும் செய்யும். உச்ச நீதிமன்றம் அந்தப் படிநிலையை ஏற்கவில்லை: ஒருவரின் பாலினத்தை ஏற்க அறுவை சிகிச்சையை வற்புறுத்தக் கூடாது என்று 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்புச் சொன்னது.