மோட்டார் கொட்டகையும் ஒரு கம்ப்யூட்டர் லேப்தான்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை எம்பெடட் சிஸ்டம்ஸ் அறிமுக வகுப்பு எடுக்கிறேன். பம்ப்செட்டுக்கான கன்ட்ரோல் போர்டு வடிவமைப்பதுதான் என் தொழில். முதல் வகுப்புக்கு அர்டுயினோ என்ற பயிற்சி போர்டை எடுத்துப் போவதில்லை. பழைய ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வைப்பேன். கதவில் வோல்ட் மீட்டர், பச்சை பட்டன், சிவப்பு பட்டன். உள்ளே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் காந்த சுவிட்சான கான்டாக்டர், சுமை மீறினால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே, ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டு. அப்புறம், கான்டாக்டர் இடுக்கில் காய்ந்துபோன ஒரு பல்லி. அதை வேண்டுமென்றே எடுக்காமல் வைத்திருக்கிறேன்.

"இது யார் வீட்டு வயலில் இருக்கிறது?" என்று கேட்டால் பாதிக் கைகள் மேலே போகும். "இதற்குள் கம்ப்யூட்டர் இருக்கிறதா?" என்று கேட்டால் ஒரு கைகூட இருக்காது.

இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்தபடி அப்பா செல்போனில் ஒரு நம்பரைப் போட்டு 1 அமுக்குகிறார், இரண்டு கிலோமீட்டர் தள்ளி மோட்டார் ஓடுகிறது. மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளில் ஒன்று, அதாவது ஒரு பேஸ், போய்விட்டால் அவர் போனுக்கே செய்தி வருகிறது. அந்தப் பெட்டிக்குள் சிம் கார்டும், ஒரே சில்லுக்குள் அடங்கிய சின்னக் கம்ப்யூட்டரான மைக்ரோகன்ட்ரோலரும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே ஒரு வேலைக்காக ஒரு பொருளுக்குள் புதைத்து வைத்த கம்ப்யூட்டர் என்பதால்தான் அதற்கு எம்பெடட் என்று பெயர். அது மின்சாரத்தை அளக்கிறது, முடிவெடுக்கிறது, மோட்டாரைப் போடுகிறது. மோட்டார் ஓடியதால் மின்சாரமே மாறுகிறது. மாறியதைத் திரும்ப அளக்கிறது. இப்படிக் கணக்கும் வெளியுலகமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றினால் அது சைபர்-பிசிக்கல் சிஸ்டம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இருந்த ஹெலன் கில் 2006 வாக்கில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சைபர் என்றதும் இன்டர்நெட், ஹேக்கிங் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அதன் வேர் கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல். நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்றையும் அலையையும் பார்த்துப் பார்த்துக் கையைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அந்த வேலை.

சரி, நான் சறுக்கிய கதையைச் சொல்கிறேன். வகுப்பில் இதைத்தான் அதிக நேரம் சொல்வேன்.

நான் சொந்தமாகச் செய்த முதல் ஆட்டோ ஸ்டார்ட்டர் போர்டு அது. மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டாரைப் போட வேண்டும், ஒரு பேஸ் போனால் நிறுத்த வேண்டும். மேசைமேல் மூன்று நாள் சோதித்தேன், ஒரு பிழை இல்லை. மன்னார்குடிக்குத் தெற்கே உறவினர் ஒருவரின் வயலில் கொண்டுபோய் மாட்டினேன். குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். ராத்திரி மும்முனை வந்தது. 'டக்' என்று கான்டாக்டர் பிடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த விநாடி டக், டக், டக், டக் என்று விட்டு விட்டுப் பிடிக்க ஆரம்பித்தது. ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன.

நடந்தது இதுதான். அந்த டிரான்ஸ்ஃபார்மரில் எட்டு மோட்டார்கள், எட்டும் ஆட்டோ. கரண்ட் வந்ததும் எட்டும் ஒரே நொடியில் கிளம்பின. நேரடியாகப் போடும் இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிட்டது. என் போர்டுக்குச் சோறு போடும் பவர் சப்ளையும் கூடவே படுத்தது. மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனது, ரிலே விட்டது. சுமை குறைந்ததும் வோல்டேஜ் ஏறியது. போர்டு கண் விழித்துப் பார்த்தால் மூன்று பேஸும் இருக்கிறது, உடனே மோட்டாரைப் போடு என்கிறது நிரல். மறுபடி முதலிலிருந்து.

பக்கத்து ஊர் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளான காயில் கட்டிக் கட்டிக் கைரேகை தேய்ந்தவர். "தம்பி, கல்யாணப் பந்தியில கதவத் தொறந்ததும் அத்தனை பேரும் ஒண்ணா நுழைஞ்சா என்ன ஆகும்? ஒருத்தருக்கு பத்து செகண்ட், ஒருத்தருக்கு இருபது செகண்ட்னு தள்ளித் தள்ளி வைக்கணும். கடையில விக்கிற ஸ்டார்ட்டர்ல எல்லாம் அந்தத் திருகு இருக்குமே, நீங்க பாக்கலையா?" என்றார். பார்த்திருக்கிறேன். எதற்கு என்று யோசித்ததில்லை.

என் நிரலில் ஒரு வரிகூடத் தப்பில்லை. இன்றைக்கும் அதைப் படித்துப் பார்த்தால் தப்பில்லைதான். நான் கணக்கில் எடுக்காதது பக்கத்து வயல் மோட்டார்களை. வெப்சைட் எழுதுகிறவர் சர்வர் விழுந்தால் மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். இங்கே வெளியில் இருப்பது இரும்பும் செம்பும் தண்ணீரும். அவை நமக்காகக் காத்திருப்பதில்லை, ஒருமுறை எரிந்ததைத் திரும்ப எரியாததாக்கவும் முடியாது.

இந்தக் கதையைக் கேட்ட ஒரு மாணவி அடுத்த வாரமே அர்டுயினோ ஊனோவில் தாமதம் எழுதிக்கொண்டு வந்தாள். 30 விநாடி வைத்தால் எல்.ஈ.டி. சரியாக எரிந்தது. 60 வைத்தால் எரியவே இல்லை. "போர்டு போச்சு சார்" என்றாள். போகவில்லை. விநாடியை மில்லி விநாடியாக்க 60 * 1000 என்று எழுதியிருந்தாள். ஊனோவில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம், 32,767-ஐத் தாண்டாது. 30,000 உள்ளே அடங்கியது. 60,000 வழிந்து மைனஸ் 5,536 ஆகிவிட்டது. காத்திரு என்று சொல்லும் டிலே கட்டளையோ மைனஸ் குறியே இல்லாத 32 பிட் எண்ணை எதிர்பார்ப்பது. அது அந்த மைனஸை ஏறத்தாழ 429 கோடியே 50 லட்சம் மில்லி விநாடி என்று படித்துக்கொண்டது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 49 நாள் 17 மணி நேரம். எல்.ஈ.டி. எரியத்தான் போகிறது, நாற்று பிடுங்கி நட்டு, களையும் எடுத்த பிறகு. வகுப்பே சிரித்தது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய சுமார் 40 விநாடியில் தடம் மாறி வெடித்துச் சிதறியதற்குக் காரணமும் இதே குடும்பத்துப் பிழைதான் என்றதும் சிரிப்பு நின்றது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்தார்கள். பழைய ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரல் அது. புது ராக்கெட் வேகம் கூடியது, எண் வழிந்தது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. அர்டுயினோவில் போர்டு விழித்ததிலிருந்து மில்லி விநாடிகளை எண்ணும் கடிகாரமும் 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். லேபில் யாரும் 50 நாள் ஓட்டிப் பார்ப்பதில்லை. சம்பாவுக்கு நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை நாலு மாதத்துக்கு மேல். இடையில் நிறுத்தாத போர்டாக இருந்தால் ஒரே போகத்தில் இரண்டு தடவை அந்தக் கடிகாரம் சுற்றி வரும்.

அடுத்து பேஸ் போகும் விஷயம். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மீதி இரண்டில் மோட்டார் திணறி ஓடி, சூடேறி, காயில் கருகும். டெல்டாவில் இதைப் பார்க்காத குடும்பம் குறைவு. "ரொம்ப ஈஸி சார். மூணு பேஸையும் அளப்போம், ஒண்ணு பூஜ்யமானா நிறுத்திடுவோம்" என்பார்கள் பிள்ளைகள். அங்கேதான் இயற்பியல் காலை வாரும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், போன பேஸின் முனையில் தானே வோல்டேஜை உண்டாக்கி நிறுத்தும். சுமை குறைவாக இருந்தால் அது அசல் வோல்டேஜுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மோட்டார் பக்கத்து முனையில் அளக்கும் உங்கள் சென்சார் 'பேஸ் இருக்கிறது' என்று நம்பும். செத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொருவர் நிற்பதுபோல. அதனால் மின்னோட்டத்தை அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைப் பார்க்க வேண்டும். இதை சி மொழிப் புத்தகம் சொல்லாது, மின் இயந்திரங்களைப் பற்றிய மெஷின்ஸ் பாடம் சொல்லும். முந்தைய செமஸ்டர்களில் எழுதிவிட்டு மறந்துபோன பாடங்கள் எல்லாம் இங்கே ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டும்.

மின்னோட்டத்தை அளக்கச் சொன்னதும் கெட்டிக்காரப் பையன் ஒருவன் கட்டாயம் கேட்பான்: "அப்ப இந்த ஓவர்லோடு ரிலே எதுக்கு சார்? புரோகிராம்லயே பார்த்துக்கலாம், செலவும் மிச்சம்." கை வைக்காதே என்பேன். 1985-க்கும் 1987-க்கும் இடையில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாடலான தெராக்-20 மென்பொருளிலும் அதே பிழை ஒன்று இருந்தது. அதில் வன்பொருள் பூட்டு இருந்ததால் ஃப்யூஸ் போனதோடு சரி. புது மாடலில் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று அந்தப் பூட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். ஸ்டார்ட்டருக்குள் சூடேறினால் வளையும் அந்த உலோகத் தகடுக்கு நிரல் தெரியாது. அதனால்தான் நிரல் தப்பாகும்போது அது வேலை செய்கிறது.

போனில் மோட்டார் போடும் வசதியிலும் இதே ஆபத்து உண்டு, இதைப் பெற்றோர்களும் கேட்க வேண்டும். ஒருவர் கொட்டகையில் மோட்டாரையோ வயரையோ பிடித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டிலிருக்கும் இன்னொருவர் அது தெரியாமல் நம்பரைப் போட்டால் 415 வோல்ட் உயிர்பெறும். சிவப்பு பட்டனை அமுக்குவது போதாது. மெயின் சுவிட்சை இறக்கி, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் எடுக்கும்படி ஸ்டார்ட்டரை விட்டுவைக்காமல், குடும்பத்து நம்பர்களை மட்டும் பதிந்து வையுங்கள். தவறிப்போய் வரும் அழைப்புக்கும் மோட்டார் ஓடும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை.

ஃபைனல் இயர் புராஜெக்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 'ஸ்மார்ட் இரிகேஷன்' என்று ஒரு பெட்டி, ஒரு பூந்தொட்டி, மண்ணில் குத்திய இரண்டு கால் ஈரப்பத சென்சார். காசு கொடுத்து வாங்கியது என்பது பார்த்தவுடன் தெரியும். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நடவு வயலில் தண்ணீர் நிற்கும்போது ஈரம் எவ்வளவு என்று யார் கேட்டார்கள்? நெல்லுக்குத் தெரிய வேண்டியது நீர்மட்டம். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுகிறார்கள். அந்தக் குழாய்க்குள் மட்டத்தை அளக்கும் ஒன்றைச் செய்து கொண்டுவாருங்கள். நத்தை ஏறும், பாசி பிடிக்கும், எலி கேபிளைக் கடிக்கும், அந்த இரண்டு கால் சென்சார் நேர்மின்னோட்டத்தில் அரித்துக் கறுத்துப்போகும். அதையெல்லாம் எழுதிய ரிப்போர்ட், ஓடாத புராஜெக்டாக இருந்தாலும், நான் முழு மதிப்பெண் போடுவேன்.

தாமதத்தைப் புரியவைக்க எனக்கு மேட்டூர் இருக்கிறது. அணையைத் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாலு நாள் ஆகும், அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து கடைமடைக்குப் போக இன்னும் நாளாகும். இங்கே மழை கொட்டுகிறது, தண்ணீர் வேண்டாம் என்று அங்கே மூடினால், ஏற்கெனவே ஆற்றில் வந்துகொண்டிருப்பது வந்துதான் தீரும். இந்த உதாரணத்துக்குப் பிறகு கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் வரும் 'டெட் டைம்', அதாவது கட்டளைக்கும் விளைவுக்கும் நடுவில் ஆகும் நேரம், யாருக்கும் மறப்பதில்லை.

போன முறை ஒரு வேலை கொடுத்தேன். போர்டு வாங்க வேண்டாம், நிரல் எழுத வேண்டாம். உங்கள் வீட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய், எதையும் தொடாமல், ஸ்டார்ட்டரை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். பேராவூரணிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு போட்டோவோடு வந்தான். கான்டாக்டர் விழாமல் இருக்க அவன் அப்பா ஒரு மூங்கில் சிம்பைச் செருகி வைத்திருந்தார். வகுப்பில் எல்லோரும் "படிக்காதவங்க சார்" என்கிற மாதிரி சிரித்தார்கள். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உங்கப்பா ஏன் அதைச் செருகினார்?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். கேட்டு வரச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு நோட்டோடு வந்தான். கதவில் இருக்கும் வோல்ட் மீட்டரை நாலு ராத்திரி பார்த்து, மணிவாரியாக எழுதியிருந்தான். கரண்ட் வந்த நேரத்தில் 410. பத்து மணிக்கு 365. எல்லா மோட்டாரும் ஓடும் பதினோரு மணிக்கு 330. அவர்கள் வயல் அந்த மின்பாதையின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு மட்டுமில்லை, கம்பிக்கும் கடைமடை உண்டு. ஒவ்வொரு முறை வோல்டேஜ் படுக்கும்போதும் கான்டாக்டர் விழ, அவன் அப்பா ராத்திரியில் ஏழெட்டுத் தடவை வரப்பில் நடந்திருக்கிறார். போன வருஷம் பாம்பை மிதிக்கப் போய்த் தப்பித்து, மறுநாள்தான் சிம்பைச் செருகினாராம்.

சிம்பை எடுத்துவிட்டு, குறைந்த வோல்டேஜில் மோட்டாரைத் தானே நிறுத்தி, வோல்டேஜ் ஏறியதும் காத்திருந்து தானே போடும் போர்டு ஒன்றுக்கு அவன் இப்போது பிளாக் டயகிராம் வரைந்துகொண்டிருக்கிறான். எத்தனை வோல்ட்டில் நிறுத்துவது, எத்தனையில் மறுபடி போடுவது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவன் 340 என்கிறான். அப்படி வைத்தால் பதினோரு மணிக்கு மேல் அவன் வயலுக்குத் தண்ணீரே பாயாது.