‘ரேஸ் பிலிம்’ என்றால் இனவாதப் படமா?

ஈவ்லின் பிரீர் என்ற அமெரிக்கக் கறுப்பு நடிகையைப் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் அவரை “இனவாதப் படங்களின் முன்னணி நாயகி” என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு இடத்தில் என்றால் அவசரத்தில் எழுதியது என்று விட்டுவிடலாம். பல இடங்களில் பார்த்தாகிவிட்டது, சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய் “இனவெறிப் படங்கள்”. அமெரிக்கக் கறுப்பர் பார்ப்பதற்கென்றே ஒரு காலத்தில் எடுத்த படங்களுக்கு வழங்கிய ‘ரேஸ் பிலிம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இப்படி ஒரு தமிழ். “பந்தயப் படங்கள்” என்றும் கண்ணில் பட்டது, ஆனால் அது இயந்திரம் செய்த வேலை, இயந்திரத்தோடு சண்டை போட்டு என்ன பயன்? ‘இனவாதப் படம்’ அப்படியில்லை. யாரோ ஒருவர் யோசித்து, ரேஸ் என்றால் இனம், கறுப்பர் சம்பந்தப்பட்டது, அப்படியானால் இனவாதம்தான் என்று முடிவுகட்டி எழுதியது. எரிச்சல் வருவது அதனால்தான்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஓட்டப்பந்தய ரேஸ் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் ரேஸ், இத்தாலியின் ‘ராட்சா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, ராட்சாவுக்கு மூலம் எது என்பதில் அறிஞர்களிடம் ஒத்த கருத்து இல்லை. எழுத்தும் ஒலியும் ஒன்று, உறவு கிடையாது. அவ்வளவுதான்.

நமக்கு வேண்டியது சொல்லின் வேர் அல்ல, 1910களில் சிகாகோவின் தென்பகுதியில் ஒரு கறுப்பர் வீட்டில் அந்தச் சொல் என்ன பொருளில் புழங்கியது என்பது. ராபர்ட் அபட் 1905இல் தொடங்கிய ‘சிகாகோ டிபெண்டர்’ என்ற கறுப்பர் பத்திரிகை, ‘நீக்ரோ’ என்று எழுதுவதைத் தவிர்த்துத் தன் மக்களை ‘த ரேஸ்’ என்றே எழுதியது. நம்மவர், நம் இனம் என்ற பொருளில். தன் மக்களுக்காக நின்று பேசுகிறவனை ‘ரேஸ் மேன்’ என்றார்கள், பெண்ணானால் ‘ரேஸ் உமன்’. அது பாராட்டு, வசைச்சொல் இல்லை. இன்றைய காதுக்கு ‘ரேஸ் மேன்’ என்றால் ஏதோ இனவெறியன் மாதிரி கேட்கலாம். அன்றைக்கு அப்படி யாரும் கேட்கவில்லை. 1920களில் கறுப்பர் வாங்குவதற்கென்று வந்த இசைத்தட்டுகள் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ ஆனதும் இந்த வழியில்தான். ‘பில்போர்டு’ என்ற இசை வணிக இதழ் 1949இல்தான் தன் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ பட்டியலின் தலைப்பை ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றியது. சொல் அதற்குள் கசக்கத் தொடங்கியிருந்தது.

தமிழில் இதற்கு மிக நெருக்கமாக வரக்கூடியது ‘இனமானம்’ என்பதில் இருக்கிற ‘இனம்’. திராவிட இயக்கத்தார் அந்தச் சொல்லைச் சொல்லும்போது தொனிக்கிற பெருமிதம் இருக்கிறதே, டிபெண்டர் பத்திரிகையின் ‘ரேஸ்’ஸில் இருந்தது கிட்டத்தட்ட அதுதான். ‘இனமானம்’ என்ற சொல்லை இனவாதம் என்று யாராவது மொழிபெயர்த்தால் நாம் சும்மா இருப்போமா?

சரி, படங்களுக்கு வருவோம். 1910களிலிருந்து 1940களின் இறுதிவரை, கறுப்பர் பார்ப்பதற்கென்றே கறுப்பு நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட படங்கள்தான் ரேஸ் பிலிம். தெற்கு மாநிலங்களில் சட்டமே கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைத்த காலம். கறுப்பருக்கென்று தனிக் கொட்டகைகள் இருந்தன. அவை இல்லாத ஊர்களில் வெள்ளையர் கொட்டகையிலேயே, வெள்ளையர் வீட்டுக்குப் போன பிறகு, நள்ளிரவுக் காட்சி போடுவார்கள். நோபிள் ஜான்சனும் அவர் தம்பி ஜார்ஜுமாக நடத்திய லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி 1916இல் இறங்கியது. அப்புறம் ஆஸ்கர் மிஷோ. தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுது, நாவல் எழுதி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தானே விற்று, கடைசியில் அந்த நாவலையே 1919இல் படமாகவும் எடுத்த மனிதர். ஒரு கறுப்பர் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. அதில் அறிமுகமானவர்தான் பிரீர்.

பிரீர் 1896இல் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு அம்மாவோடு சிகாகோவுக்கு வந்தார். அம்மா கிறிஸ்தவ ஊழியக்காரர், மகளும் அவரோடு தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்து கோயில் கட்டப் பணம் திரட்டியிருக்கிறார். அந்தக் குரல்வளம் பிறகு மேடையில் கைகொடுத்தது. லபாயட் பிளேயர்ஸ் என்ற கறுப்பர் நாடகக் குழுவில் சேர்ந்தார், கூட நடித்த எட்வர்ட் தாம்சனை மணந்தார், நியூயார்க்கின் பிராட்வே மேடையிலும் ஏறினார். கறுப்பர் பத்திரிகைகளில் பெயர் வராத வாரம் அபூர்வம் என்கிற அளவுக்குப் புகழ். மிஷோவின் நாயகியாக வரிசையாகப் படங்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை, படச்சுருளே அழிந்துவிட்டது.

தப்பிப் பிழைத்தது ‘வித்தின் அவர் கேட்ஸ்’ (1920). இந்த ஒரு படத்தைப் பார்த்தவர் யாரும் ‘இனவாதப் படம்’ என்று எழுத மாட்டார். பிரீர் இதில் சில்வியா லாண்ட்ரி என்ற ஆசிரியை. தெற்கில் கறுப்புக் குழந்தைகளுக்கான ஒரு பள்ளிக்கூடம் மூடும் நிலைக்கு வர, 5,000 டாலர் திரட்ட பாஸ்டனுக்குப் போகிறாள். அவளுடைய பழைய கதை பின்னால் வருகிறது. குத்தகை விவசாயியான வளர்ப்புத் தந்தை, செய்யாத கொலைக்குப் பழி சுமத்தப்பட்டு, மனைவியோடு வெள்ளையர் கும்பலால் தூக்கிலிடப்படுகிறார். அவர்களுடைய சிறுவயது மகன் மட்டும் குதிரையேறித் தப்புகிறான். அதே நேரத்தில் ஒரு வெள்ளைக்காரன் சில்வியாவைப் பலாத்காரம் செய்யப் பாய்கிறான், அவளும் அறை முழுக்கச் சுற்றிச்சுற்றிப் போராடுகிறாள். மிஷோ இதையும் தூக்கையும் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுகிறார். அவள் மார்பில் இருக்கிற தழும்பைப் பார்த்ததும் அவன் கை நிற்கிறது, அவள் அவனுடைய சொந்த மகள். 1919 கோடையில் சிகாகோவில் இனக் கலவரம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இந்தப் படம் மறுபடி கலவரத்தைக் கிளப்பிவிடும் என்று தணிக்கைக்காரர்கள் தடுத்துப் பார்த்தார்கள்.

ஐந்து வருடம் முன்னால் வந்த, வெள்ளை இயக்குநர் டி. டபிள்யூ. கிரிபித்தின் ‘த பர்த் ஆப் எ நேஷன்’ (1915) இதை அப்படியே தலைகீழாகக் காட்டியது. அங்கே துரத்துகிறவன் கறுப்பன் (கரி பூசிய வெள்ளை நடிகர்), மலையிலிருந்து குதித்துச் சாகிறவள் வெள்ளைக்காரப் பெண், காப்பாற்ற வருவது கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு. இனவெறிப் படம் என்ற பெயர் யாருக்குப் பொருந்தும் என்றால் இதற்குத்தான். மேடம் சுல்-தி-வான் என்ற கறுப்பு நடிகை கிரிபித்தின் அந்தப் படத்தில் நடித்திருக்கிறார். பிழைப்புக்காகச் செய்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கை ஒரு மாதிரி, பிரீருடையது இன்னொரு மாதிரி. ‘ரேஸ் பிலிம்’ என்பதை இனவெறிப் படம் என்று எழுதினால், கிரிபித்துக்குப் பதில் சொன்ன படத்தில் நடித்தவரைக் கிரிபித்தின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். சொல்லில் நுணுக்கக் குறைவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், இது எதிர்ப்பொருள்.

அப்படியானால் ‘இனப் படம்’? சிலர் பத்திரமாக இருக்கட்டும் என்று இப்படி எழுதுகிறார்கள். பத்திரம்தான், பொருளும் இல்லை. தமிழில் ‘இனம்’ மாட்டுக்கும் மரத்துக்கும் செலவுக் கணக்குக்கும் வரும். வள்ளுவர் ‘சிற்றினம்’ என்றது கெட்ட சகவாசத்தை. அடைமொழி இல்லாமல் தனியாக நின்றால் எந்த இனம் என்ற கேள்வி உடனே வரும். ஆங்கிலத்திலும் தனியாகத்தானே நிற்கிறது என்று வாதாடுகிறார்கள். அங்கே நின்றது, ஏனென்றால் பேசியவரும் கேட்டவரும் ஒரே வீட்டுக்காரர்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

‘கறுப்பினத் திரைப்படம்’ என்பதற்குத்தான் ஆதரவு அதிகம், தூய தமிழ் ஆர்வலர்களும் இதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். இதன் மேல் எனக்கு இருக்கிற மனக்குறை வேறு. கறுப்பர் நடித்த படம் எல்லாம் ரேஸ் பிலிம் இல்லை. பிரீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் கிறிஸ்டி கம்பெனியின் பேசும் படமான ‘த மெலங்கலி டேம்’ நகைச்சுவைப் படத்தில் நடித்தார். நடிகர் எல்லாரும் கறுப்பர்தான், ஆனால் கதை வெள்ளைக்காரர் ஆக்டேவஸ் ராய் கோஹன் எழுதியது, கம்பெனி ஹாலிவுட்டுடையது, சிரிக்க உட்கார்ந்திருந்த கூட்டமும் பெரும்பாலும் வெள்ளையர். அதை யாரும் ரேஸ் பிலிம் என்பதில்லை. அதே வருடம் எம்ஜிஎம் எடுத்த ‘ஹல்லேலுயா’வும் அப்படித்தான். மறுபக்கம் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ரிச்சர்ட் நார்மன் என்ற வெள்ளைக்காரர் ‘த பிளையிங் ஏஸ்’ (1926) எடுத்தார். முதலாளியும் இயக்குநரும் வெள்ளையர், படமோ ஐயமில்லாமல் ரேஸ் பிலிம், கறுப்பர் கொட்டகைக்கென்றே எடுக்கப்பட்டது என்பதால். ஆக, எடுத்தவர் யார், நடித்தவர் யார் என்பதைவிட யார் முன்னால் ஓடியது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். ‘கறுப்பினத் திரைப்படம்’ அதைத் தொடவே இல்லை. போதாக்குறைக்கு 1970களின் படங்களும் நேற்று வந்த படங்களும் அந்தப் பெயருக்குள் தாராளமாக நுழைந்துவிடும்.

‘இனமானப் படம்’ என்று சொன்னவரோடு எனக்குப் பாதி உடன்பாடு. தொனி சரி, ஆனால் கொள்கை விளக்கப் படம் என்று நினைக்க வைத்துவிடும். ரேஸ் பிலிம்களில் துப்பறியும் கதை உண்டு, கௌபாய் சண்டை உண்டு, வெறும் காதல் கண்ணீரும் உண்டு. நாயகியாகப் போடுவதற்கு வெளுத்த நிறமுள்ள பெண்களாகத் தேடிய வழக்கமும் உண்டு. மானம் என்று பெயர் வைத்தால் அதை எங்கே ஒளிப்பது?

மொழிபெயர்ப்பாளர்களைத் திட்டுவதாகவே போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் ‘வித்தின் அவர் கேட்ஸ்’ நம் கைக்கு வந்ததே ஒரு மொழிபெயர்ப்பின் புண்ணியத்தில்தான். அமெரிக்காவில் பிரதி இல்லாமல் போய், மாட்ரிட் திரைப்படக் காப்பகத்தில் ‘லா நெக்ரா’ என்ற தலைப்பில் ஸ்பானிய எழுத்து அட்டைகளோடு கிடைத்தது. மூல ஆங்கில அட்டைகளில் எஞ்சியவை நான்கே நான்கு. மீதியை ஸ்பானிய மொழியிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள், வெறுமனே அகராதி பார்த்து அல்ல, மிஷோவின் நாவல்களைப் படித்து அவர் நடை எப்படி ஓடும் என்று பிடித்துக்கொண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1993இல் அந்தப் பிரதியை மீட்டு வெளியிட்டது. ஊமைப் படத்து அட்டைக்கே அத்தனை மெனக்கெட்டார்கள், நம் ஆட்களுக்கு ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் ஒதுக்க முடியவில்லை. இதே ஆட்கள்தான் ‘பிளாக்பேஸ்’ஸை ‘கறுப்பு முகம்’ என்று எழுதுகிறவர்கள். கறுப்பு முகம் கறுப்பருடையது ஐயா. வெள்ளைக்காரன் எரித்த தக்கைக் கரியை அப்பிக்கொண்டு ஆடியது ‘கரிப்பூச்சு வேடம்’. முகத்தில் கரியைப் பூசுவது என்ற வழக்குத் தமிழிலேயே என்ன பொருளில் இருக்கிறது என்று யோசித்தால் சொல் தானாக வந்து விழும். அப்புறம், ‘கருப்பர்’ இல்லை, ‘கறுப்பர்’. கருப்பு என்றால் பஞ்சம்.

என் பரிந்துரை ‘கறுப்பர் கொட்டகைப் படம்’. நீளம்தான். கொட்டகை கொச்சை, அரங்கு என்று போடக்கூடாதா என்பார்கள். அரங்கு நாடகத்துக்கும் கச்சேரிக்கும் கருத்தரங்குக்கும் போய்விட்டது. சினிமா பார்க்கக் கூட்டமாகப் போய் உட்கார்கிற இடத்துக்குத் தமிழன் வைத்த சொல் கொட்டகை. இந்தப் படங்கள் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும்கூடத் திரையிடப்பட்டனவே என்று ஒருவர் மடக்கினார். நம் கொட்டகைக்கு என்றைக்குச் சுவர் இருந்தது? கூடாரம் போட்டு, மணல் குவித்து உட்கார்ந்தாலும் கொட்டகைதான். நள்ளிரவுக் காட்சிக்கு வெள்ளையர் இடத்தில் கறுப்பர் நிறைந்தால் அந்த மூன்று மணி நேரத்துக்கு அது கறுப்பர் கொட்டகை.

முதல் தடவை எழுதும்போது ‘ரேஸ் பிலிம் எனப்பட்ட கறுப்பர் கொட்டகைப் படங்கள்’ என்று போட்டுவிட்டு, பிறகு ‘கொட்டகைப் படங்கள்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். பிரீர் 1932இல் நிமோனியாவில் இறந்தபோது வயது 36, மகள் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறவர் கொட்டகைப் படம், ஹாலிவுட் படம் என்று இரண்டையும் பிரித்து எழுதினால், ஆசிரியையாகவும் நாயகியாகவும் எங்கே நடித்தார், ‘லேடீஸ் ஆப் த பிக் ஹவுஸ்’ (1931) மாதிரி சிறைக் கைதியாகச் சின்ன வேஷத்தில் எங்கே தலைகாட்டினார் என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். இதைவிடச் சின்னதாக, இதே வேலையைச் செய்கிற ஒரு சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன். ‘இன’ என்று மட்டும் தொடங்க வேண்டாம்.