130-ல் நிற்பவர் 190-ஐ முந்துவது எப்படி?

பவுலிங் என்றால் நமக்குக் கிரிக்கெட்தான். இது வேறு. மரத்தடத்தில் கனமான பந்தை உருட்டி, 60 அடி தள்ளி முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். 1890-களில் நியூயார்க்கிலும் புரூக்ளினிலும் கிளப் அணிகள் மோதும்; புள்ளிகள் நாளிதழில் அச்சாகும். ஜோ தும் என்ற ஜெர்மானிய உணவக முதலாளி 1891-ல் பவரி வீதியில் ஆறு தடங்கள் போட்டார். வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தாலும் ஒரு சிக்கல் இருந்தது: விதிகள் இடத்துக்கு இடம் மாறின. இங்கே எடுத்த 180 அங்கே எத்தனைக்குச் சமம் என்று யாரால் சொல்ல முடியும்?

அந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் 1895 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் பீத்தோவன் மண்டபத்தில் கிளப்காரர்கள் கூடி அமெரிக்கன் பவுலிங் காங்கிரஸைத் தொடங்கினார்கள். கட்டைக்குக் கட்டை 12 அங்குலம், ஆட்டத்தின் உச்சப் புள்ளி 200 அல்ல 300 என்று முடிவானது.

12 அங்குலத்தில் என்ன இருக்கிறது? கட்டையின் உயரம் 15 அங்குலம். வயிற்றுச் சுற்றளவும் அதே 15. எனவே விட்டம் நாலேமுக்கால் அங்குலம். மையத்திலிருந்து மையத்துக்கு 12 என்றால், இரண்டுக்கும் நடுவே வெறும் இடம் ஏழேகால்தான் மிஞ்சும். 27 அங்குலச் சுற்றளவுள்ள பந்தின் விட்டமோ எட்டரைக்கு மேல். ஆகவே பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே பந்து தொடாமல் நழுவ முடியாது. சாயும் கட்டையும் தன்னைவிட 12 அங்குலம் தள்ளி நிற்பதை எட்டி அடிக்கும். அன்று கட்டைகளைக் கையால் நிறுத்திய பையன் குறியிலிருந்து சற்றே விலக்கி வைத்தால் போதும், இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

எதிரே நிற்கும் முதல் கட்டையை நடு நெற்றியில் அடித்தால் எல்லாம் விழும் என்று புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார். பெரும்பாலும் நடப்பது வேறு: பந்து நடுவே உழுதுகொண்டு போக, இரு ஓரங்களிலும் கட்டைகள் அசையாமல் நிற்கும். வலக்கைக்காரர் குறிவைக்க வேண்டியது முதல் கட்டைக்கும் அதன் வலப் பின்னால் உள்ள மூன்றாவதுக்கும் இடைப்பட்ட பகுதி. கட்டைகளுக்கு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண். கச்சிதமான அடியில் பந்து தானாகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கை மட்டுமே. ஒன்று இரண்டைத் தள்ள, இரண்டு நான்கை, நான்கு ஏழை; மூன்று ஆறைத் தள்ள, ஆறு பத்தை; ஐந்து எட்டை. பந்து எடை குறைந்ததாக இருந்தால் முதல் மோதலிலேயே விலகி ஓடும், ஐந்தாவது தப்பிக்கும்.

அன்றைய பந்து லிக்னம் விட்டே என்ற மரத்தில் கடைந்தது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம். முழு அளவுப் பந்து ஆறரை, ஏழு கிலோ வரும். ஆனால் மரம் மரம்தான்: தேயும், விரியும், உருண்டை கெடும். நேற்று நேராக ஓடிய பந்து இன்று தள்ளாடும்.

சுழற்சி இல்லாமல் விட்ட பந்து முதலில் உருளாது, வழுக்கும். தடத்தின் உராய்வு அடிப்பக்கத்தைப் பிடித்திழுக்க, வேகம் குறைந்து சுழற்சி ஏறும். வேகம் ஏழில் ஐந்து பங்காகும்போது வழுக்கல் நின்று முழு உருளல் தொடங்கும். பக்கவாட்டுச் சுழற்சி கொடுத்திருந்தால் வழுக்கும் வரைதான் பாதை வளையும், பிறகு நேர்கோடு. எல்லாரும் ஒரே வழியில் உருட்டிய தடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்து, பந்தைக் கையைப் பிடித்து அழைத்துப்போகும். சொந்தத் தடத்தில் சூரன், வெளியே சுமார் என்பவர்களை இது ஓரளவு விளக்கும்.

இனி புள்ளிப் பலகை. ஆட்டத்துக்குப் பத்து ஃபிரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக்: பத்தோடு அடுத்த இரண்டு பந்துகளின் புள்ளியும் சேரும். இரண்டாவதில் மிச்சம் விழுந்தால் ஸ்பேர்: அடுத்த ஒரு பந்து சேரும். அந்தப் பந்துகள் உருளும்வரை கட்டம் காலியாகவே கிடக்கும். எனக்குத் தெரிந்து, பார்வையாளரை நாற்காலி நுனியில் உட்கார வைக்க இதைவிட நல்ல கணக்கு இல்லை.

எதிரணிக்காரர் 190-ல் முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நம்மவர் பலகையில் ஏழு ஃபிரேமுக்கு 130. எட்டும் ஒன்பதும் ஸ்ட்ரைக், ஆனால் இன்னும் எழுதவில்லை. பத்தாவதில் முதல் பந்துக்கு 7 விழுகிறது. உடனே எட்டாவது கட்டத்தில் 27 ஏறி 157. மூன்று கட்டைகள் நிற்கின்றன. அடுத்த பந்தில் இரண்டு மட்டும் விழுந்தால் 19-ம் 9-ம் சேர்ந்து 185, தோல்வி. மூன்றும் விழுந்தால் ஒன்பதாவதுக்கு 20, மொத்தம் 177. ஸ்பேருக்காக ஒரு பந்து கூடுதலாகக் கிடைக்கும். அதில் நான்கு விழுந்தால் 191.