கண்டெய்னர்: கொள்ளும் கலமா, அளக்கும் கலமா?

எண்ணூர் விரைவுச் சாலையோரம் ஒரு டீக்கடை. வரிசையில் நின்ற ட்ரெய்லர் ஒன்றிலிருந்து ஓட்டுநர் இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்று டீ வாங்கினார். பேச்சுவாக்கில், "என்ன லோடுண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். ட்வென்ட்டி."

சரக்கைக் கேட்டால் இருபதடி என்று பெட்டியின் அளவைச் சொல்கிறாரே என்று கொஞ்சம் விழித்தேன். "சீல் போட்டுக் குடுத்துட்டாங்க. உள்ள என்ன இருந்தா நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துக் கிளம்பினார்.

கண்டெய்னர் என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளைவிட அவர் தந்த பொருள்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அகராதி. லத்தீனில் 'கோன்' என்றால் சேர்த்து, 'தெனேரே' என்றால் பிடி. இரண்டும் கூடிய 'கோன்தினேரே', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கன்டெய்ன்' என்ற வினையானது. அதன் பெயர்ச்சொல்தான் கண்டெய்னர்: எதையாவது உள்ளே வைத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் ஊறுகாய் ஜாடியும் கண்டெய்னர், மிச்சச் சோற்றை மூடிவைக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் கண்டெய்னர். தமிழுக்கு வந்தபோது சொல் சுருங்கிவிட்டது. டப்பா, ஜாடி, சம்படம், தூக்கு, டின் என்று நமக்கு ஏற்கெனவே ஒரு பரண் நிறைய இருந்ததால், கண்டெய்னர் என்றால் லாரி மேல் போகும் அந்த இரும்புப் பெட்டி மட்டும்தான் என்றாயிற்று. கடன் வாங்கிய சொற்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான்.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு தகராறு உண்டு. கன்டெய்னரா, கண்டெய்னரா? தமிழில் டகரத்துக்கு இனமான மெல்லெழுத்து ணகரம். வண்டி, சண்டை, தண்டல் எல்லாம் அப்படித்தான். எனவே கண்டெய்னர் என்று எழுதுவதே தமிழ் நாக்குக்கு ஒத்தது.

துறைமுகம் பக்கமே போகாதவர்களுக்கும் இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியது 2016 சட்டமன்றத் தேர்தல். திருப்பூர் அருகே பறக்கும் படையிடம் மூன்று கண்டெய்னர் லாரிகள் சிக்கின. உள்ளே 570 கோடி ரூபாய். அது வங்கிப் பணம் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனால் அதற்குள் டீக்கடைப் பேச்சில் கண்டெய்னர் என்றால் பணம் என்ற ஒரு பொருளும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரி, அந்த இரும்புப் பெட்டிக்கு வருவோம். அகலம் எட்டடி. உயரம் எட்டரை அடி அல்லது ஒன்பதரை அடி. நீளம் இருபதடி அல்லது நாற்பதடி. இதில் ஒரு வேடிக்கை: இருபதடிப் பெட்டியை டேப் வைத்து அளந்தால் இருபதடி வராது. ஒன்றரை அங்குலம் குறையும். நாற்பதடிப் பெட்டி சரியாக நாற்பதடி. ஒரு நாற்பதடி இடத்தில் இரண்டு இருபதடிப் பெட்டிகளை வைத்தால் நடுவே மூன்று அங்குலச் சந்து விழ வேண்டும். அதற்காகவே இந்தக் குறைப்பு. எட்டு மூலைகளிலும் ஓட்டையிட்ட வார்ப்பு எஃகுத் துண்டுகள் இருக்கும். பெட்டியின் உயிர் அதில்தான். கிரேன் தூக்குவதும், லாரியில் பூட்டுவதும், ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கித் திருகிப் பூட்டுவதும் அந்த ஓட்டைகளில்தான். கதவில் நான்கு எழுத்து, ஏழு எண். எழுத்துகளில் நான்காவது எப்போதும் 'யூ'. கடைசி எண் தனிக் கட்டத்துக்குள் இருக்கும்; முன்னால் உள்ளவற்றை யாராவது தப்பாக எழுதினால் காட்டிக்கொடுக்கும் சோதனை எண் அது.

இவ்வளவு விவரத்தில் உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை, கவனித்தீர்களா? இந்தப் பெட்டியின் மகிமை அது எதையோ கொள்வதில் இல்லை. கோணிச் சாக்கும் கொள்ளத்தான் செய்யும். உலகத்தில் எங்கே போனாலும் ஒரே அளவாக இருப்பதுதான் அதன் மகிமை.

பெட்டி வருவதற்கு முன் எப்படி? மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, பேல் என்று ஆளுக்கொரு வடிவம். கொக்கியும் தோளுமாக ஆட்கள் ஏற்றி இறக்குவார்கள். கப்பல் நாள்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில் கரையில் கிடக்கும். அமெரிக்காவில் லாரி நிறுவனம் நடத்திவந்த மால்கம் மெக்லீன், லாரியின் பெட்டியை மட்டும் கழற்றி அப்படியே கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல், மேல்தளத்தில் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆன இடத்தில், பெட்டியாக ஏற்ற 16 சென்ட்தான் ஆனது என்பது அன்றைய கணக்கு.

ஆனால் அன்று மெக்லீனின் பெட்டிக்கு ஒரு நீளம், மேற்குக் கரையில் மேட்சன் நிறுவனத்தின் பெட்டிக்கு 24 அடி என்று வேறொரு நீளம். இவருடைய பெட்டியை அவருடைய கிரேன் தூக்காது. 1960களில் பன்னாட்டுத் தர நிறுவனம் (ஐ.எஸ்.ஓ.) உட்கார்ந்து பேசிப் பேசி அளவுகளை முடிவு செய்தது. மெக்லீனின் பொறியாளர் கீத் டேண்ட்லிங்கர் வடிவமைத்த மூலைப் பூட்டின் காப்புரிமையை மெக்லீனின் நிறுவனம் விட்டுக்கொடுத்தது. துறைமுகத் தொழில் பெருகியது அதன் பிறகுதான்.

பெருகியது என்றால் எல்லா இடத்திலும் அல்ல. லண்டனின் பழைய டாக்குகள் 1960களின் கடைசியில் மூடத் தொடங்கி 1981க்குள் மூடிவிட்டன; அதே இங்கிலாந்தில் சின்ன ஊரான ஃபீலிக்ஸ்டோ 1967ல் பெட்டிகளை ஏற்றி இறக்கும் முனையம் கட்டிக்கொண்டு மேலே வந்தது. பழைய துறைமுகத்துக்குத் தேவை கிடங்கும் ஆளும். புதியதற்குத் தேவை ஆழமும், பெட்டிகளை அடுக்க ஏக்கர் கணக்கில் வெறும் தரையும். சிங்கப்பூர் 1972ல் தஞ்சோங் பகாரில் முனையத்தைத் திறந்தது. பெட்டிக் கப்பல் இந்த வட்டாரத்துக்கு அதிகம் வராத காலத்தில் அது பெரிய சூதாட்டம். இந்தியாவுக்கு முதல் பெட்டிக் கப்பல் 1973ல் கொச்சிக்கு வந்தது. பெட்டிக்கென்றே கட்டிய நாட்டின் முதல் முனையம் 1983ல் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கியது. 2010ல் சிங்கப்பூரை முந்தி ஷாங்காய் முதலிடம் பிடித்தது. 2024ல் அது கையாண்டது 5 கோடி இருபதடிப் பெட்டிக் கணக்கைத் தாண்டியது. உலகத் துறைமுகங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 80 கோடிக்கு மேல்.

அது என்ன 'இருபதடிப் பெட்டிக் கணக்கு'? அதைத்தான் டி.இ.யூ. என்கிறார்கள். ஒரு நாற்பதடிப் பெட்டி இரண்டு டி.இ.யூ. சில பாடநூல் பாணிக்காரர்கள் இதை 'இருபதடிச் சமான அலகு' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் வாயில் போட்டு மெல்ல முடியாது. 'இருபதடிக் கணக்கில் இத்தனை பெட்டி' என்று எழுதினால் யாருக்கும் புரியும். எம்.எஸ்.சி. ஐரினா என்ற கப்பலின் கொள்ளளவு 24,346. அத்தனை இருபதடிப் பெட்டிகளையும் சாலையில் வால் பிடித்தாற்போல நிறுத்தினால் 147 கிலோமீட்டர் வரும். சென்னையில் தொடங்கிய வரிசை வேலூரைத் தாண்டும்.

கப்பலைப் பாத்திரத்தால் அளப்பது புதுப் பழக்கமும் இல்லை. இன்று நாம் எடையாக நினைக்கும் 'டன்', ஆங்கிலத்தில் ஒயின் பீப்பாயின் பெயராக இருந்த சொல்லிலிருந்து வந்தது. இத்தனை பீப்பாய் ஏறும் கப்பல் என்று வரி போட்டதில் பீப்பாய் அளவாகிவிட்டது. இருபதடிப் பெட்டிக்கு நடந்ததும் அதே கதை.

இனித் தமிழ்ச் சொற்கள். தமிழ்நாட்டு நாளிதழ்கள் பெரும்பாலும் 'சரக்குப் பெட்டகம்' என்று எழுதுகின்றன. பெட்டகம் என்றதும் நமக்குப் பூட்டும் நகையும் நினைவுக்கு வரும். வங்கி லாக்கரும் பாதுகாப்புப் பெட்டகம்தான். பூட்டி முத்திரை வைத்த பெட்டி என்ற வகையில் இது பொருந்துகிறது. 570 கோடி விவகாரத்துக்கு இன்னும் கச்சிதம். 2016ல் கன்னியாகுமரி மாவட்டம் இனயத்தில் துறைமுகத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது 'சரக்குப் பெட்டக மாற்று முனையம்' என்ற நீளமான பெயர் மீனவ ஊர்களிலும் புழங்கியது. எதிர்ப்புக்கிடையில் திட்டம் அங்கே வரவில்லை, சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வழக்கு 'கொள்கலன்'. கொழும்பின் முனையங்களைக் கொள்கலன் முனையம் என்றுதான் அங்கே எழுதுவார்கள். லத்தீன் மூலத்துக்கு இது அப்படியே நேர்: கொள் + கலன். வேதியியல் பாடத்தில் குடுவைக்கும், செய்தியில் எரிவாயு உருளைக்கும் இதே சொல் வந்துவிடுகிறதே என்பது நியாயமான புகார். ஆங்கிலத்திலும் அதே குழப்பம் இருக்கத்தான் செய்கிறது. அங்கே இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

எனக்குக் கொள்கலன் பக்கம்தான் சாய்வு. காரணம் கொள் அல்ல, கலன். கலம் என்பதன் இறுதிப்போலி கலன். நிலம் நிலன் ஆவதுபோல. கலம் என்றால் பாத்திரம். கலம் என்றால் கப்பல். கலம் என்றால் அளவு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். காவிரிப் படுகையில் 'மாவுக்கு எத்தனை கலம் கண்டது?' (மா என்பது நில அளவு) என்று விளைச்சல் விசாரித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஊருக்கு ஊர் மரக்கால் மாறினால் வம்பு என்று, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்த நெல் என்று பெயர் சொல்லிக் குறிக்கின்றன. பன்னாட்டுத் தர நிறுவனம் பெட்டிக்குச் செய்த வேலையைத்தான் ஆடவல்லான் நெல்லுக்குச் செய்தது. பாத்திரம், கப்பல், அளவு மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும்போது அதை விட்டுவிட மனம் வரவில்லை.

கூடவே வரும் சொற்களைப் பற்றியும் கொஞ்சம். பெரிய கப்பல் ஆழமான துறைமுகத்தில் மட்டும் நிற்கும். அங்கிருந்து சின்னக் கப்பல்கள் பெட்டிகளை மற்றத் துறைமுகங்களுக்குக் கொண்டு போகும். பெரியது தாய்க்கப்பல், இந்தச் சொல் நன்றாக ஊன்றிவிட்டது. சின்னதை ஃபீடர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இந்தியச் சரக்கு நெடுங்காலமாகக் கொழும்பில் கப்பல் மாறிப் போவது இப்படித்தான். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்த கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் அதில் பங்கு கேட்கிறது. இந்த ஏற்பாட்டைப் புறநானூற்றின் 343ஆம் பாட்டு முசிறியில் பார்த்திருக்கிறது: 'கலம் தந்த பொற்பரிசம் கழித்தோணியால் கரை சேர்க்குந்து'. கலம் வெளியே நிற்கிறது, கழித்தோணி கரைக்குக் கொண்டு வருகிறது. ஃபீடருக்குக் கழித்தோணி என்று பெயர் வைக்கச் சொல்லவில்லை. ஆயிரம் பெட்டி ஏற்றும் கப்பலைத் தோணி என்றால் மாலுமிகள் சிரிப்பார்கள். 'கிளைக்கப்பல்' என்றால் போதும்.

அடுக்கி வைத்த பெட்டி மலைக்கு 'ஸ்டாக்' என்கிறார்கள். வைக்கோல் போர் என்கிறோமே, அந்தப் போர் இங்கே பொருந்தும். பட்டினப்பாலை புகாரின் பண்டசாலை முற்றத்தில் குவிந்த மூட்டைகளைப் 'பொதி மூடைப் போர்' என்றுதான் சொல்கிறது. அந்தப் போரின் மேல் நாயும் ஆட்டுக்கடாவும் ஏறிக் குதித்தன. இன்றைய முனையத்துக்குள் அவை நுழையவே முடியாது, அது வேறு விஷயம்.

எழுதும்போது: சரக்குப் பெட்டகம் என்றால் நடுவே 'ப்' வேண்டும். கொள்கலம், கொள்கலன் இரண்டும் சரி. பன்மையில் கொள்கலங்கள், கொள்கலன்கள். பேச்சில் பெட்டி போதும். கப்பல் கம்பெனிக்காரர்களே 'பாக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.