ராவான் தோலும் பின்னக் கணக்கும்: பாடத்துக்குள் கலை வேலை செய்யும் விதம்

மொரீசியஸ் தீவின் ஆடலும் பாடலுமான செகாவைத் தொடங்குமுன் ராவானைத் தீயில் காட்டுவார்கள். வட்ட மரச்சட்டத்தில் ஆட்டுத்தோலை இழுத்து ஒட்டிய தோற்கருவி அது. தணலுக்கு மேலே சட்டத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, நடுநடுவே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். 'தொப்' என்று அமுங்கிக் கேட்ட ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 'டங்' என்று நிமிரும்வரை வாசிக்க உட்கார மாட்டார்கள். பறையைக் காய்ச்சுவதைப் பார்த்த தமிழருக்கு இது புதிதல்ல. மொரீசியஸின் மரபுச் செகாவை 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பள்ளிகளில் ராவான் பெரும்பாலும் ஆண்டு விழா மேடையோடு நின்றுவிடுகிறது. அந்தத் தோலுக்குள் இருக்கும் அறிவியல் வகுப்பறைக்குள் வருவதே இல்லை.

அதை வகுப்புக்குள் கொண்டுவர அதிகம் தேவைப்படாது. ஆட்டுத்தோல் ராவான் ஒன்று, செயற்கைத் தோல் ராவான் ஒன்று, முடி உலர்த்தும் கருவி ஒன்று, சுருதி காட்டும் செயலி உள்ள கைப்பேசி ஒன்று போதும். பள்ளிக்குள் தீ மூட்ட வேண்டியதில்லை. தோலின் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அந்தப் புள்ளியிலேயே தட்ட வேண்டும். அடிக்கும் இடம் மாறினால் அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மேற்சுரங்களும் மாறும், செயலி குழம்பும். முதல் அளவைக் குறித்துக்கொண்டு, தோலின் உட்புறத்தை ஈரத்துணியால் லேசாக ஒற்றி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி அளக்கலாம். பிறகு சுமார் 20 செ.மீ. தள்ளி மிகச் சூடான காற்று படாமல் மிதமான சூட்டில் உலர்த்தியை வட்டமாக நகர்த்தி, நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கலாம். ஒரே இடத்தில் சூடு காட்டினால் அந்தப் பக்கம் மட்டும் இறுகி, ஒட்டிய விளிம்பு பிய்ந்துவிடும்.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். காற்றின் ஈரத்தை உறிஞ்சும்போது நார்கள் ஊறித் தளர்கின்றன. காயும்போது சுருங்கப் பார்க்கின்றன, ஆனால் சட்டம் விடுவதில்லை. அந்த இழுபறிதான் இழுவிசை. இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும் என்பதை உயர்நிலை மாணவர்கள் கணக்காகவே போடலாம். ஐந்தாம் வகுப்புக்கு 'இறுக்கம் கூடினால் சுருதி கூடும்' என்பது போதும். செயற்கைத் தோல் ஈரத்துக்கு அசைந்துகொடுக்காது, ஆகவே அது இந்தச் சோதனையின் ஒப்பீட்டுக் கருவி. மழை மிகுந்த கியூர்பீப் மேட்டுநிலத்தில் ராவானை அடிக்கடி காய்ச்ச வேண்டியிருப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை சொல்ல இதன்பின் பாடநூல் தேவைப்படாது.

கலையைப் பாடத்தோடு இணைப்பது என்றால் இதுதான். கலைப்பொருளில் ஏற்கெனவே புதைந்திருக்கும் கருத்தைப் பிள்ளை தன் கையால் வெளியே எடுக்கிறது. நீர்ச்சுழற்சிப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வது இணைப்பு ஆகாது. நீலத்தை எங்கே பூசுவது என்று யோசிக்க ஆவியாதல் தெரிந்திருக்க வேண்டியதில்லையே! கோலத்திலும் இதே தவறு நடக்கிறது. அச்சடித்த கோலத்தைக் கொடுத்து நிறம் அடிக்கச் சொல்கிறோம். அதற்குப் பதில், புள்ளி வைத்த தாளில் ஒரு சிக்குக் கோலத்தின் கால் பகுதியை மட்டும் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்லுங்கள். தாளை மடித்துப் பார்க்கும் பிள்ளை சில கோலங்களில் கோடுகள் பொருந்தாததைக் காணும். கால் வட்டம் திருப்பினால் பொருந்தும். கண்ணாடிச் சமச்சீரும் சுழற்சிச் சமச்சீரும் வேறு வேறு என்பது அந்த இடத்தில் விளங்கும். எந்தச் செயலுக்கும் வைக்க வேண்டிய ஒரே சோதனை: கருத்து புரியாமலே இந்தக் கலைவேலையைச் சரியாக முடிக்க முடியுமா? முடியும் என்றால் அது அலங்காரம்.

பின்னத்தைச் செகாவின் தாளத்தில் கற்பிப்பது இன்னும் வளமானது. செகாவின் தாளத்தை இசைக் குறியீட்டில் பொதுவாக 6/8 என்று எழுதுவார்கள். ஒரு சுற்றில் ஆறு சிறு துடிப்புகள். அந்த ஆறை மும்மூன்றாக இரண்டு கூறாகவும் கேட்கலாம், இரண்டிரண்டாக மூன்று கூறாகவும் கேட்கலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொற்கட்டு கைவசம் இருக்கிறது: 'தகிட தகிட' என்றால் இரண்டு கூறு, 'தக தக தக' என்றால் மூன்று கூறு. 1/2, 1/3 இரண்டுக்கும் பொதுப் பகுதி 6 ஏன் என்பதற்கு இதைவிட நேரான காட்சி கிடைக்காது.

முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 24 செ.மீ. நீளக் காகிதப் பட்டைகள் மூன்று. 24 எதற்கென்றால் 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். ஒன்றை இரண்டாக மடித்தால் கூறுக்கு 12 செ.மீ., மூன்றாக மடித்தால் 8, ஆறாக மடித்தால் 4. பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக மேசையில் ஒட்டி, ஆறு கூறுகளுக்கும் எண் போடச் சொல்லுங்கள். பிறகு வகுப்பை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பக்கம் 1, 4ஆம் துடிப்புகளில் தட்டட்டும். மறுபக்கம் 1, 3, 5இல். ஆசிரியர் ஆறு துடிப்புகளையும் மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நொடிக்கு ஒரு துடிப்பு போதும். இரண்டு பக்கமும் முதல் துடிப்பில் மட்டுமே சேரும். அந்த உராய்வில்தான் செகாவின் அசைவும் இருக்கிறது.

கூட்டலுக்கு வரும்போது 1/2 நீளத்துக்கு மூன்று துடிப்பு, 1/3 நீளத்துக்கு இரண்டு துடிப்பு, ஆக ஐந்து தட்டல், ஒரு மௌனம். விடை 5/6. மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று எழுதும் பழக்கம் உலகெங்கும் உள்ள பிள்ளைகளிடம் உண்டு. 2/5 என்பது பாதியைவிடச் சிறியது. பாதிச் சுற்றைத் தட்டி முடித்தபின் இன்னும் தட்டிய பிள்ளைக்கு அது தவறு என்று காதே சொல்லிவிடும்.

இங்கே சறுக்கும் இடங்கள் இரண்டு. வேகம் கூடினால் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தட்டுவார்கள். தாளம் சரியாக வரும், கணக்கு உள்ளே போயிருக்காது. ஆகவே தட்டுமுன் எந்தத் துடிப்புகளில் தட்டப்போகிறோம் என்று எழுதிவைத்தே தட்ட வேண்டும். இன்னொன்று, ஒரு சுற்றுக்குள் ஆறு தட்டல் 'அதிகம்' என்று கேட்பதால் 1/6 பெரியது என்ற தவறான எண்ணம் இசையாலேயே வலுப்படக்கூடும். ஒவ்வொரு தட்டலும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பட்டையில் விரல் வைத்துக் காட்டினால் இது நேராகும்.

இது ஏன் நினைவில் நிற்கிறது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், சொற்களை எழுதியவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்கள் அதிகம் நினைவுகூர்ந்தார்கள். வரையும் திறமை பொருட்டாகவே இல்லை. வரைவதற்கு அந்தப் பொருளின் பகுதிகளை யோசித்து, கையை அசைத்து, கண்ணால் பார்க்க வேண்டும், ஒரே செய்திக்கு மூன்று தடங்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் 6 பள்ளிகளின் 350 ஐந்தாம் வகுப்பு மாணவர்களோடு நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒரே அறிவியல் பாடத்தைக் கலையோடும் வழக்கம்போலும் நடத்தி, சில வாரங்கள் கழித்து மறுபடி சோதித்தார்கள். கலைவழிப் பாடத்தை நீண்ட நாள் தக்கவைத்துக்கொண்டவர்கள் குறிப்பாக வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள். பின்னத்துக்கும் 2012இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு: கலிபோர்னியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 67 பேரில் ஒரு பகுதியினருக்கு 6 வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, தாளக் குறியீட்டின் வழியே பின்னம் கற்பித்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள்.

ஆனால் இசை கேட்டால் அறிவு வளரும் என்று இதை நீட்டக் கூடாது. மொசார்ட் கேட்டால் அறிவு கூடும் என்ற நம்பிக்கைக்கு வித்திட்ட 1993ஆம் ஆண்டு ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் கண்டது சில நிமிடங்களே நீடித்த விளைவைத்தான். தாளம் பின்னத்துக்கு உதவுவது, தாளத்துக்குள் பின்னம் இருப்பதால்.

மொரீசியஸில் வாசிப்பு பற்றிய அந்தக் கண்டுபிடிப்பை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. பிள்ளைகள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல், காதில் விழுவதில் பிரெஞ்சும் கலந்திருக்கும், அறிவியலும் கணக்கும் தேர்வில் ஆங்கிலம். தமிழ் விருப்பப் பாடமாக வருகிறது. கருத்து புரியாமல் விழிக்கும் பிள்ளைக்கும் ஆங்கிலச் சொல் புரியாமல் விழிக்கும் பிள்ளைக்கும் எழுத்துத் தேர்வு வேறுபாடு காட்டாது. பட்டையும் தாளமும் காட்டும். கருத்து கையில் வந்தபின் அதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டுவது எளிது. தமிழாசிரியருக்கும் இதில் நேரான பங்கு உண்டு. தகிட, தகதிமி சொற்கட்டுகளைத் தமிழ் வகுப்பில் முந்திய வாரமே பழக்கிவிட்டால், கணக்கு வகுப்பின் பத்து நிமிடம் மிச்சமாகும்.

ஒரு ஆர்வமுள்ள ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் நின்றுபோவது பள்ளிகள் அனைத்தும் அறிந்த கதை. முழுப் பள்ளிக்கும் இது பரவ வேண்டுமானால் முதலில் வேண்டியது பணம் அல்ல, சேர்ந்து திட்டமிடும் நேரம். வகுப்பாசிரியரும் கலை ஆசிரியரும் வாரத்துக்கு 40 நிமிடம் ஒரே இடைவேளையில் உட்காரும்படி தலைமையாசிரியர் கால அட்டவணையை அமைக்க வேண்டும். ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு பெரிய தாள்: குறுக்கே மாதங்கள், நெடுக்கே வகுப்புகள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்து, அதற்குப் பொருந்தும் ஒரு கலை. முதல் ஆண்டில் பருவத்துக்கு ஒன்று போதும். அவசரப்பட்டு எல்லாப் பாடத்திலும் புகுத்தினால் இரண்டாம் பருவத்திலேயே வண்ணம் தீட்டலுக்குத் திரும்பிவிடுவோம். பிள்ளைகளுக்குப் பிடிக்காத பொருத்தங்களைவிட, பிள்ளைகளுக்குப் பிடித்தும் எதையும் கற்பிக்காத பொருத்தங்களை அடையாளம் கண்டு நீக்குவது கடினம், ஆனால் அதுதான் முக்கியம். இசை வகுப்பின் நேரத்தையும் இதற்காகப் பறிக்கக் கூடாது. தாளத்தைத் தாளமாகவே கற்ற பிள்ளைதான் அதில் பின்னத்தைக் கேட்க முடியும்.

மதிப்பெண்ணும் இரண்டாக இருக்கட்டும், கணக்குக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று. இனிமையாகத் தட்டிய பிள்ளையின் தவறான விடை மறைந்துபோவது அப்போதுதான் நிற்கும். பாடம் முடிந்த அன்றே, இசை எதுவும் இல்லாமல், '1/2 + 1/3 எவ்வளவு? படம் வரைந்து காட்டு' என்ற ஒரே கேள்வியை அரைத்தாளில் கொடுத்து வாங்குங்கள். தாள்களை உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்து, எட்டு வாரம் கழித்து அறிவிக்காமல் அதே கேள்வியை மறுபடி கொடுங்கள். இதே பாடத்தை வழக்கம்போல் கற்ற இன்னொரு வகுப்புக்கும் இப்படியே கொடுத்தால், முதல் நாளில் இரண்டு வகுப்புகளுக்கும் வேறுபாடு தெரியாமல் போகலாம். ஒப்பிட வேண்டியது இரண்டாம் முறை வாங்கிய தாள்களை.