அந்தப் பூ வேண்டாம், தம்பி

திருச்சியில் சின்னதாக ஒரு வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பு தங்கள் சின்னத்தையும் இணையதளத்தையும் புதிதாகச் செய்து தரக் கேட்டது. இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்பவர்களே நடத்தும் அமைப்பு அது. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பெண்களுக்குத் தையல் பயிற்சி, சான்றிதழ் வாங்க வழிகாட்டுவது என்று பல வேலைகள் செய்கிறார்கள். பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்பது படிக்கும்போதே புரியும்.

முதல் வரைவில் நான் போட்டது செங்காந்தள் பூ. தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத்திலும் பூப்பது. இரண்டு மண்ணையும் சேர்க்கிறது என்று நினைத்தேன். நிறம் சிவப்பும் மஞ்சளும். கூட்டத்தில் அதைக் காட்டியதும் யாரும் பேசவில்லை. பொறுப்பாளரான அக்காதான் கடைசியில் சொன்னார்: "பூ நல்ல வடிவாத்தான் இருக்கு. ஆனா இது எங்களுக்கு வேண்டாம், தம்பி."

அவர்கள் அதைக் கார்த்திகைப் பூ என்கிறார்கள். விடுதலைப் புலிகள் தேசிய மலராக அறிவித்த பூ. போரில் இறந்த புலிகளை நினைவுகூர நவம்பரில் வரும் மாவீரர் நாளில் வைக்கப்படும் பூ. இந்தியாவில் அந்த இயக்கத்துக்கு 1992 முதல் தடை இருக்கிறது. முகாமில் இருப்பவர்களுக்கு க்யூ பிராஞ்ச், அதாவது தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவு, அன்றாடப் பேச்சில் வரும் சொல். அமைப்பின் கடிதத்தாளில் அந்தப் பூவும் அந்த இரண்டு நிறங்களும் இருந்தால், யாரோ ஒருவர் அலுவலகத்தில் போய் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அழகு, பொருத்தம் எல்லாம் பார்த்த நான், அந்தச் சின்னத்தை எந்த மேசையில் வைத்து யார் பார்ப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

அடுத்து படகு வரைந்தேன். அதுவும் தவறு. 1990இல் மன்னார் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்த ஓர் அம்மா அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பனைமரத்தைச் சிலர் விரும்பினார்கள். ஆனால் முகாமிலேயே பிறந்த இளைஞர்கள், "நாங்க பனையப் பார்த்ததே ராமநாதபுரத்துலதான்" என்றார்கள்.

சரி, நீங்களே சொல்லுங்கள் என்று பென்சிலை வைத்துவிட்டேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பேச்சோடு பேச்சாக ஒரு பெரியவர் சங்கடப்படலையைப் பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் வாசல் படலைக்கு, அதாவது தெருப்பக்கக் கதவுக்கு, மேலே சின்னதாக ஒரு கூரை போட்டிருப்பார்களாம். வழியில் போகிறவர்கள் மழைக்கும் வெயிலுக்கும் அதன் அடியில் ஒதுங்கலாம். இளையவர்கள் அப்போதுதான் அதைக் கேள்விப்பட்டார்கள். அன்று மாலையே மூன்று பேர் அதை நோட்டில் வரைந்து பார்த்தார்கள். இன்று அவர்கள் சின்னம் அதுதான்: இரண்டு தூண், ஒரு கூரை, பாதி திறந்த படலை. நான் கோடுகளை நேராக்கியதோடு சரி.

பெயரில் 'அகதி' இருக்கலாமா என்ற பேச்சு இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. கதியற்றவர் என்பதுதானே அந்தச் சொல்லின் பொருள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசே 'இலங்கை அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 1984இல் ஈழத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் மக்களுக்காகத் தாங்களே தொடங்கிய ஓஃபர் (OfERR) என்ற மறுவாழ்வு அமைப்பு தமிழில் 'ஏதிலியர்' (ஆதரவற்றவர்) என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. இளையவர்களுக்கு இரண்டு சொல்லும் பிடிக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார்: "அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் எங்கட நிலைமை மாறிவிட்டது எண்டு நினைப்பினம்." அதுவும் உண்மைதான். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்கு இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லை. முடிவில் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். 'எங்களைப் பற்றி' பக்கத்தின் முதல் வரியில் வைத்தார்கள். இந்த முடிவில் நான் எந்தக் கருத்தும் சொல்லவில்லை. வடிவமைப்பாளர் வாய் திறக்கக் கூடாத இடம் அது என்று நினைக்கிறேன்.

இனி படங்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பழைய தளத்தின் முகப்பில் ஒரு சிறுமி அழுதுகொண்டு நிற்கும் படம் பெரிதாக இருந்தது. யாரோ ஒரு தன்னார்வலர் நல்லெண்ணத்தோடு எடுத்தது. அந்தச் சிறுமி இப்போது கல்லூரியில் படிக்கிறார். அமைப்பின் கணக்கு வேலையிலும் உதவுகிறார். கூட படிப்பவர்கள் அந்தப் படத்தைத் தேடி எடுத்து வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருக்கிறார்கள். "அன்னைக்கு நான் விழுந்து முட்டியில அடிபட்டு அழுதேன் அண்ணா. அதுக்குக் கீழ 'வீடிழந்த குழந்தை'ன்னு எழுதியிருந்தாங்க" என்றார். தளத்திலிருந்து எடுத்த பிறகும் அந்தப் படம் தேடலில் சில வாரங்கள் வந்துகொண்டிருந்தது. தேடுபொறிக்குத் தனியாக விண்ணப்பித்த பிறகுதான் நின்றது.

நிதி கேட்கும் தளங்களில் அழும் முகம் வைப்பது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து நிறுத்துங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் ஒப்புதல் ஆகிவிடாது. இந்த அமைப்பில்தான் தையல் மெஷினும் வகுப்பும் கிடைக்கிறது என்னும்போது, படம் எடுக்க வேண்டாம் என்று ஒரு தாய் எப்படிச் சொல்வார்? அதனால் நாங்கள் படம் வரப்போகும் பக்கத்தையே போனில் காட்டிக் கேட்டோம். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டோம். இரண்டாம் முறை கேட்டபோது பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள்.

காரணங்கள் அவர்களிடம் இருந்தன. ஊருக்குத் திரும்ப யோசிப்பவர், அங்கே வழக்கில் சிக்கிய உறவினர் உள்ளவர், கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுப் பெண். எல்லாவற்றையும் நம்மிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. முகம் தெரியாவிட்டாலும் வீட்டு எண், பள்ளிச் சீருடை, பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்கள் பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்ஆப்பில் 'டாகுமென்ட்' ஆக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். ஏற்றும் முன் அதை நீக்கியாக வேண்டும்.

அப்படியானால் என்ன படம் வைத்தோம்? நிர்வாகக் குழுவில் விரும்பியவர்கள் தங்கள் பெயரோடும் பொறுப்போடும் நேராகப் பார்த்து நிற்கும் படங்கள், கரும்பலகை, துணி வெட்டும் கைகள். நன்கொடை குறையும் என்று நானே பயந்தேன். அவர்கள் பயப்படவில்லை.

பழைய தளத்தில் தமிழ் பேருக்குத்தான் இருந்தது. பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில். நம் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். மீதி படமாக. தேடினால் எதுவும் கிடைக்காது. பணம் கொடுப்பவர் படிக்க மட்டும் ஆங்கிலம் அழகாக இருந்தது. இப்போது முதலில் திறப்பது தமிழ்ப் பக்கம், எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில். இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்ய என்னென்ன தாள் வேண்டும் என்ற பக்கம்தான் அதிகம் பேர் பார்ப்பது. ஓடும் படங்கள், அசைவுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பழைய ஆண்ட்ராய்டு போனிலும் திறக்கிறது.

'நன்கொடை' பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் உறவுகள் இருக்கிறார்கள், வெளிநாட்டு அட்டையையும் ஏற்கும்படி வைத்துவிடலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அந்தப் பணத்தை வாங்கவே கூடாது. 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது; கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா கொடுப்பது ஆகும். ஒரு நாள் வேலையில் நாம் வைத்துவிடும் பொத்தான் அமைப்பையே சிக்கலில் மாட்டிவிடும். முதலில் அவர்களுடைய ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக, சாவி. பழைய தளத்தின் டொமைன் (இணைய முகவரி) ஒரு தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல்லை மீட்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. இப்போது எல்லாம் அமைப்பின் பெயரில், குழுவில் இருவர் கையில். என் பெயர் எதிலும் இல்லை. பக்கங்களை மாற்ற இரண்டு பெண்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தேன்.

போன வாரம் எதேச்சையாகத் தளத்தைத் திறந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முகாமிலிருந்து என்னென்ன சான்றிதழ் வாங்க வேண்டும் என்று புதிதாக ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். எழுதியது யார் என்று பார்த்தேன். அந்தப் பழைய படத்தில் இருந்த பெண்.